பாதித் திருமண்

ஸம்பத்குமார் பட்டாச்சாரியார் என் முகத்தில் பாதியைக் காணோம் என்று முதன்முதலில் சொன்னது அறுபத்திரண்டாம் வருஷம், ஆடி மாதம். பொன்னேரி பஜாரில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் பதினொரு மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதுவரைக்கும் வருகிற ஜனத்துக்கு நான்தான் எல்லாம். அந்த மிதப்பில் திரிந்த காலம் அது.

இருமல், சளி என்று அதற்கு முன்பே வந்து பழகியவர்தான். அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்து என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஓய் பரசுராமா, உம்ம மூஞ்சியில ஒரு பக்கம் இல்லை."

"இன்னா சாமி, காலங்காத்தால பேஜாரு பண்றீங்க? மீதி மூஞ்சிய ஊட்டுலயே வச்சிட்டு வந்துட்டேனா?"

"பரிகாசம் இல்லை ஓய். மூக்கு வரைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் சுண்ணாம்புச் சுவர் வந்து அப்படியே ஒட்டிண்டிருக்கு. நீர் பேசறச்சே பாதி வாய்தான் அசையறது."

சிரிப்பதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இந்தச் சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவர் அப்படிச் சொன்னபோது கையால் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது உண்மை.

கால் மணி நேரத்தில் என் முகம் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. உடனே வலி ஆரம்பித்தது. தலையின் வலது பாதியில் மட்டும். வாந்தி எடுத்தார், வெளிச்சம் ஆகவில்லை, உள் அறையில் துணியைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை படுத்திருந்தார். பதினைந்து வயதிலிருந்து இப்படித்தானாம். முதலில் ஓரத்தில் ஒரு பொட்டு மினுக்கும். அது வளர்ந்து வளைந்து, பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையை வெயிலில் பிடித்து ஆட்டினாற்போல ஓடும். ஜரிகை போன வழியெல்லாம் பொருள்கள் காணாமல் போகும். பிறகு வரும். வந்த பிறகு மண்டையைப் பிளக்கும். ஒற்றைத் தலைவலி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, அவரிடம் இந்த வேஷத்தில் வந்துகொண்டிருந்தது.

திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அண்ணன் தம்பிகள் பங்காளிகள் என்று முறை பிரித்ததில் இவருக்கு வருஷத்தில் சில நாள்கூடத் தேறவில்லை. ஐம்பத்து நான்கில், இருபத்து நாலு வயதில், மனைவி கோதைநாயகியைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்கு அந்தாண்டை செங்கரம்பேட்டுப் பெருமாள் கோயிலுக்கு அர்ச்சகராக வந்துவிட்டார். சுற்றிலும் நெல் வயல், நடுவில் சின்னக் கோயில், பின்னால் ஒரு ஓட்டு வீடு. குழந்தை இல்லை. ஆள் ஒன்றும் பெரிய ஞானி இல்லை. வாய் ஓயாது, புளியோதரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், குரல் மட்டம். ஒரே ஒரு விஷயத்தில் கர்வம் உண்டு. அவர் இடும் திருமண் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். தன் நெற்றியில் இட்டுக்கொள்வதும் அப்படி, பெருமாள் நெற்றியில் பச்சைக் கற்பூரத்தைக் குழைத்துச் சாத்துவதும் அப்படி. இரண்டு வெள்ளைக் கோடும் மயிரிழை பிசகாது.

"ஊர்ல யாரிடமும் மூச்சு விட்டுடாதேயும்" என்று அன்றே என்னிடம் கேட்டுக்கொண்டார். "பித்தம்னு சொல்லும்."

"தலைவலிதானே சாமி? இதுல இன்னா ரகசியம்?"

"தலைவலி இல்லை ஓய், கண். அங்கத்தில் குறை உள்ளவன் மூலவரைத் தொடப்படாது. சாஸ்திரம். எனக்கு அதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. வேற ஒண்ணும் வேண்டியும் இல்லை."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையில் எனக்கு வேலையில்லை. மாத்திரையும் கொடுத்தேன். எங்கள் டாக்டர் எழுதுகிற மாத்திரைதான். தலைக்குள் இருக்கிற ரத்தக் குழாயைச் சுருக்கி வலியை அடக்கும். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் போகக்கூடாது என்பார் டாக்டர். முதல் வருஷம் அப்படித்தான் கொடுத்தேன். அறுபத்தெட்டு வாக்கில் வாரத்துக்கு ஆறு ஏழு ஆகிவிட்டது. வந்து நிற்பார், முகம் வெளிறியிருக்கும், மனசு கேட்காது, எடுத்துக் கொடுத்துவிடுவேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், முட்டாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசி முதல் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையிலேயே ஜரிகை வந்திருக்கிறது. வழக்கம்போல வலித்து, வலி போய்விட்டது. மறுநாள் விடியற்காலையில் எழுந்து தீர்த்தமாடி, கண்ணாடி முன் உட்கார்ந்து திருமண் இட்டுக்கொண்டு, வெளிச்சம் வருமுன்பே கோயிலுக்குப் போய்விட்டார். கோதைநாயகி பெருமாளுக்குத் தளிகை சமைப்பதில் மும்முரமாக இருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே அலங்காரம் நடந்தது. வெளியே இருநூறு பேர் இருப்பார்கள். அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் நானும் போய் ஒரு தூணோரம் நின்றிருந்தேன்.

திரை விலகியது. கோவிந்தா என்று கிளம்பிய சத்தம் பாதியில் நின்றது.

பெருமாளின் நெற்றியில் பாதித் திருமண்தான் இருந்தது. நடுவில் சிவப்பு, அதன் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, சுத்தமாக, அழகாக. பெருமாளின் வலப்பக்கக் கோடு இல்லை. அழிந்த தடமும் இல்லை. கருங்கல் அப்படியே எண்ணெய் மினுக்கோடு இருந்தது. அந்தப் பக்கம் மாலையும் தோளில் ஏறவில்லை. அந்தப் பக்கத்து விளக்கும் ஏற்றப்படவில்லை. பக்கத்தில் தட்டோடு நின்ற பட்டாச்சாரியாரின் நெற்றியில் இடப்பக்கக் கோடு இல்லை. பெருமாளும் அவரும் எதிரெதிரே நின்றால் இரண்டும் ஒரே பக்கம்தானே? சன்னதியின் ஒரு பக்கத்தை மட்டும் யாரோ துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது. எந்தக் குழந்தையும் அழக்கூட இல்லை.

அவர் மட்டும் சிரித்த முகமாகக் கற்பூரத் தட்டை ஏந்தி நின்றார். "ஸேவிச்சுக்கோங்கோ, திவ்யமா ஸேவிச்சுக்கோங்கோ!"

கோயில் தர்மகர்த்தா மணவாளன் முன்னால் வந்தார். நாற்பது காணி நெல் வயலுக்குச் சொந்தக்காரர், யாரையும் அதட்டித்தான் பேசுவார். அன்றைக்கு அவர் குரல் கிசுகிசுவென்று வந்தது.

"சாமி, நாமத்த ஏன் பாதியில உட்டுட்டீங்கோ?"

"பாதியா? முழுசா சாத்தியிருக்கேனே. நன்னாப் பாருங்கோ." திரும்பிப் பார்த்தார். பெருமாளின் மூக்குக்கு நேராகப் பார்த்தார். "ரெண்டு கோடும் பளிச்சுன்னு இருக்கே!"

பெருமாள் திருவடிமேல் சத்தியம் செய்தார். அழுதார். பதினேழு வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. ஆகவே ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்தது. பட்டாச்சாரி முழுசாகத்தான் சாத்தியிருக்கிறார். சாமிதான் பாதியை மறைத்துக்கொண்டது. பூசை செய்தவர் நெற்றியிலும் பாதியை எடுத்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து, பெரியபாளையத்திலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது.

எனக்கு வேறு விதமாகப் பட்டது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக் கைகழுவப் போயிருந்தார். இலையில் வலப்பக்கம் துடைத்தாற்போல இருக்க, இடப்பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் கறியும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"நாலு நாளா இப்படித்தான்" என்றாள் கோதைநாயகி. "புரட்டாசி விரதம், உப்பு சேர்த்துக்கலை போலிருக்குன்னு நெனைச்சேன். நானும் கேக்கலை, அவரும் சொல்லலை."

திரும்பி வந்தவர் வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே நின்ற என்னை இல்லை என்பதுபோலத் தாண்டிப் போனார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன்.

அந்த வாரமே பட்டணத்துக்கு ரயிலேற்றி ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினேன். அவர் சுவரில் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, வெள்ளைத் தலைக் குண்டூசியை அதன் மேல் நகர்த்தி, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று ஒரு மணி நேரம் கேட்டார். வலது கண்ணை மூடினாலும் இடது கண்ணை மூடினாலும் ஒரே பதில்தான். இடப்பக்கம் இல்லை.

"கண்ணில் கோளாறு இல்லை" என்றார் டாக்டர். "பார்ப்பது பின்மண்டையில். அங்கே ஒரு பக்கத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்திருக்கவேண்டும். இந்தத் தலைவலி பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். வெளிச்சத்தோடு வருகிறவர்களில் எங்கோ ஒருவருக்கு மட்டும் இப்படித் தழும்பு வைத்துவிட்டுப் போவதுண்டு. மெதுமெதுவாக வேறென்ன செய்கிறது என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது."

"எனக்கு முழுசாத்தானே தெரிஞ்சது டாக்டர்?"

"இல்லாத பாதியை மூளை இட்டு நிரப்பிவிடும். ரொம்பப் பழகின முகமாக இருந்தால் இன்னும் சுலபமாக நிரப்பும்."

அடுத்துத்தான் கேட்டார், என்ன மருந்து சாப்பிட்டீர்கள், எத்தனை என்று. பட்டாச்சாரியார் வெகுளியாக என்னைக் காட்டினார். நான் கணக்கைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நோய் செய்ததா, மாத்திரை செய்ததா, இரண்டும் சேர்ந்தா, யாராலும் சொல்ல முடியாது" என்றார். எனக்குச் சொல்ல முடியும்போல இருந்தது. ரயிலில் வரும்போது அவர் காலில் விழலாமா என்று நினைத்தேன். விழவில்லை. வாயால் சொன்னேன். அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்; அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"ஊர்ல சொல்லப்போறீங்களா சாமி?"

"சொன்னா நாளைக்கே சன்னதியை விட்டு இறங்கணும்" என்றார்.

சொல்லவில்லை. கட்டைவிரலால் அளந்து, தலையைத் திருப்பித் திருப்பி, தடவித் தடவித் திருமண் சாத்தப் பழகிக்கொண்டார். இரண்டாவது சனிக்கிழமைக்குள் கை படியவில்லை, அன்றைக்கும் பாதிதான். மூன்றாவது சனிக்கிழமை திரை விலகியபோது பெருமாள் முழுசாக இருந்தார். கூட்டம் உச் கொட்டியது. எட்டு மைல் நடந்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்.

மணவாளன் அவரைத் தனியாக அழைத்துப் போய், "சாமி எப்பிடி காட்சி குடுத்துச்சோ அப்பிடியே உடுங்கோ. நாம யாரு அத மாத்தறதுக்கு?" என்றார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கண்ணைச் சொல்லவேண்டும். அந்த மனுஷர் அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும், தெரிந்தே, ஒற்றைக் கோடு போட்டார்.

இதில் பயங்கரம் என்னவென்றால், பாதி நாமப் பெருமாள் பாதித் தலைவலியைப் போக்குவார் என்று ஒரு பேச்சு கிளம்பியதுதான். யார் கிளப்பினார்களோ தெரியாது. வலிக்கிற பாதி நெற்றியில் சன்னதிக் கற்பூரத்தைக் குழைத்து ஒற்றைக் கோடு போட்டுக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. மார்கழிப் பனியில் காலையில் பொன்னேரி சாலையில் சைக்கிளில் போனால், எதிரே வரிசையாக ஆண்களும் பெண்களும் பாதி நெற்றி வெள்ளையாக வருவார்கள். பனியில் உடம்பு தெரியாது, கோடு மட்டும் முதலில் தெரியும். மாத்திரை வேண்டாம், சாமி இருக்கிறது என்று பலர் எங்கள் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அதற்கு மட்டும் நான் சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமைகளில் பூசை முடிந்து பஜாருக்குப் போகிறபோது அவரைச் சாலை தாண்டிக் கூட்டிப் போவது என் வேலையாயிற்று. எப்போதும் என்னை வலப்பக்கம் வரச் சொல்வார். ஒரு நாள் மறந்து இடப்பக்கம் போனேன்.

"இந்தப் பக்கம் வாரும். அங்கே ஆள் இருக்கு."

"யாரு சாமி? நான்தானே இருக்கேன்."

"நீர் இல்லை. ஒரு மாசமா வரது. பட்டுக் கரையும் ஒரு பாதமும் தெரியும். திரும்பினா இருக்காது. சன்னதியில் இருக்கறச்சே இன்னும் கிட்டக்க வரது."

மூளையில் பார்வை செத்துப்போன இடத்தில் சில காலம் பிம்பங்கள் எழும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை ஞாபகப்படுத்தினேன். அவர் தலையாட்டினார்.

"இருக்கலாம். யாருன்னு நான் கேக்கலை ஓய். கேட்டா பதில் வந்துடுமோன்னு பயமா இருக்கு."

அவர் காட்டிய இடத்தில் வெறும் வரப்பும் புல்லும்தான் இருந்தன. அதற்கப்புறம் நானும் அந்தப் பக்கத்தை ஒட்டி நடப்பதில்லை. எனக்கு நம்பிக்கை கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து அரசப்பன் என்று ஒரு விவசாயி, பெண்டாட்டி கங்கம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தான். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாற்று நடுகிற கை, சேறு இன்னும் நகத்தில் இருந்தது. திரை போட்டிருந்தது; அலங்காரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பட்டாச்சாரியார் கிண்ணத்தில் கற்பூரத்தைக் குழைத்துக்கொண்டே வெளியே வந்து, என்ன என்று கேட்டார்.

"தல நோவு சாமி" என்றாள் கங்கம்மா. "மொதல்ல ஜரிகை கணக்கா மின்னும், அப்பால நோவும், அப்பால பூடும். இந்த வாட்டி ரெண்டு நாளாச்சி, நோவு பூட்ச்சி, ஆனா இந்தாண்டப் பக்கம் இருட்டாவே கீது. இவுரு மூஞ்சியில பாதி காணோம் சாமி."

பட்டாச்சாரியார் குழைப்பதை நிறுத்தி, கிண்ணத்தோடு ஒரு படி கீழே இறங்கினார்.

"என்ன மருந்து சாப்பிடறே?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அதே மாத்திரை. எங்களிடம் வாங்கியது இல்லை, ஆனால் அதே மாத்திரை.

"அதைத் தூக்கிப் போடு. அரசப்பா, இப்பவே பட்டணத்துக்கு அழைச்சிண்டு போ. இந்த ரயிலுக்கே போ."

"டாக்டருங்கள்லாம் பாத்துக்கினேதான் சாமி இருந்தாங்க. ஒண்ணும் ஆவல. சாமி கோடு போட்டு உடுங்க, போதும்." அரசப்பன் நகரவில்லை. "அது ரெண்டு நாள்ல பூடும். வழக்கமா போறதுதான்."

"போகாது."

"உங்களுக்கு இன்னா சாமி தெரியும்?"

சுற்றிலும் நூறு பேர். மணவாளன் முன் வரிசையில் நின்றிருந்தார். கோதைநாயகி மடப்பள்ளி வாசலில் பிரசாதப் பாத்திரத்தோடு நின்றாள். பட்டாச்சாரியார் ஒரு தடவை அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் உரக்க. "எனக்குப் போச்சு, வரலை. புரட்டாசியிலேர்ந்து அடியேனுக்குப் பாதிப் பார்வை இல்லை. பெருமாள் ஒண்ணும் மறைச்சுக்கலை. எனக்குத் தெரியாம நான்தான் பாதி சாத்தினேன். அப்புறம் தெரிஞ்சே சாத்தினேன். இந்தப் பொண்ணை அழைச்சிண்டு ஓடு."

அரசப்பனின் கையைப் பிடித்து நான்தான் இழுத்துக்கொண்டு வெளியே போனேன். மாட்டுவண்டி ஒன்றைப் பிடித்து ஏற்றிவிட்டு, டாக்டர் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துத் திரும்பி வந்தபோது மணவாளன் பேசிக்கொண்டிருந்தார். கோபமில்லை. அவருக்கும் அழுகை வந்திருந்தது.

"சரி சாமி, ஆனது ஆச்சி. ஜனம் நின்னுக்கினு கீது. இன்னிக்கி பூசைய முடிச்சிட்டு எறங்குங்க. நாளைக்கி வேற ஆளப் பாத்துக்கலாம்."

"தெரிஞ்சு சாத்தினதே பாவம். ஊருக்கும் தெரிஞ்சப்புறம் தொடப்படாது."

"ஒரே ஒரு வாட்டி, சாமி. நாங்க சொல்றோம்ல?"

பட்டாச்சாரியாருக்கு ஆசை இருந்தது. திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, சாவியை மணவாளனிடம் கொடுத்துவிட்டு, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார். திருவள்ளூரிலிருந்து அவர் பங்காளி வேங்கடேசன் வந்து சேர்ந்தது மாலை நாலரை மணிக்கு. அதுவரை பெருமாள் நெற்றியில் ஒன்றுமில்லாமல், வெறுங்கல்லாக நின்றார்.

கங்கம்மாவுக்கு ஒரு மாதத்தில் பார்வை திரும்பியது. தானாக வந்ததா, மாத்திரையை நிறுத்தியதால் வந்ததா, டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. செய்தி வந்தபோது ஸம்பத்குமார் சந்தோஷப்பட்டார், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வீட்டில் இருக்க முடியாமல் தினமும் காலை பூசை நேரத்தில் எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். ஒரு நாள் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷம் தினமும் அவரைத் தொட்ட கை ஓய். இப்போ இதை எங்கே வெச்சுக்கறதுன்னே தெரியலை."

மருந்துப் பொடி மடிக்கிற காகிதக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, மடிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். பகல் பன்னிரண்டு வரைக்கும் நிமிராமல் மடித்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் வலது ஓரம் கத்தி வைத்தாற்போல இருந்தது, இடது ஓரம் மடிக்காமல் திறந்து கிடந்தது. நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொட்டலங்களை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடியும் மடிக்க ஆரம்பித்தேன்.